இதம்: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

அந்தக் குடியிருப்பில் மொத்தம் அறுபத்து நாலு வீடுகள். முதல் மாடியில் மூன்றாவது கதவு அவருடையது. எடையளவுத் துறையில் முப்பத்தோரு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவதுதான் வேலை. அதனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் முத்திரை சார். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் சார்.

நடந்ததை எல்லாம் இன்றைக்கு அவரே சொல்லிச் சிரிப்பார். நடந்த சமயத்தில் சிரிக்கவில்லை. ஏனென்றால் தலைவலியை யாரும் கொண்டுவந்து அவர் வீட்டில் இறக்கவில்லை. எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டு வாங்கியவர் அவர்தான்.

குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூட்டம் அது. தண்ணீர்த் தொட்டி கசிகிறது என்று ஒருவர் சொன்னார். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது என்று இன்னொருவர் சொன்னார். சங்கத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். மைக் கிடைத்தால் முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து விட்டதாகச் சரித்திரம் இல்லை.

"தொட்டி கசியுது, ஒத்துக்கறேன். லிஃப்ட் நிக்குது, அதையும் ஒத்துக்கறேன். ஆனா நண்பர்களே, தொட்டி எங்கே இருக்கு? வெளியில. லிஃப்ட் எங்கே இருக்கு? வெளியில. நாம எப்பவும் வெளியிலேயே பார்த்துக்கிட்டிருக்கோம். உள்ளே பார்க்க வேண்டாமா? நம்ம வீடுகள் உள்ளுக்குள்ள எப்படி இருக்கு? இதமா இருக்கா? ஒண்ணுக்கொண்ணு இசைவா இருக்கா? பயனா இருக்கா? இந்த வருஷத்தை வீட்டு உட்புறப் புத்துணர்வு ஆண்டா அறிவிக்கறேன். ஒவ்வொரு வீட்டையும் ஆய்வு செஞ்சு மதிப்பெண் போடப் போறோம்."

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் புத்தியுள்ளவர்கள் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முத்திரை சார் எழுந்தார்.

"அளவுகோல் இல்லாம இதத்தை எப்படிங்க அளக்கறது?" என்று கேட்டார்.

அவர் மனசில் அது ஒரு கூர்மையான கேள்வி. தலைவர் அதை ஒரு விண்ணப்பமாக எடுத்துக்கொண்டார். "இதோ, நமக்கு வேண்டிய ஆள் கிடைச்சுட்டார்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முடியப்போகிறதே என்ற சந்தோஷத்தில் தட்டினார்கள் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்குத் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

பத்து நாள் உட்கார்ந்து விதிகளை எழுதினார். இதத்துக்கு நாற்பது மதிப்பெண், இசைவுக்கு முப்பது, பயனுக்கு முப்பது. 'இதம் என்பது வீட்டினுள் நுழைபவர் உணரும் இதத்தைக் குறிக்கும்' என்று முதல் விதியை எழுதிவிட்டு, அதை இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்து, தன் தமிழை எண்ணித் தானே தலையாட்டிக்கொண்டார். 'கூடத்தின் பயன்களாவன: ஓய்வு, உரையாடல், சிந்தனை' என்று இன்னொரு விதி. சிந்தனை என்ற சொல்லை அவர் சேர்த்ததற்கு ஒரே காரணம், மூன்றாவதாக ஒன்று இருந்தால் வரி நிறைவாக இருந்தது. அறுபது மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கும் வீடு 'இதமற்ற வீடு' என்று அறிவிப்புப் பலகையில் எழுதப்படும். அந்த வீட்டார் முப்பது நாளுக்குள் இதமாகிவிட வேண்டும். விதிவிலக்கு கிடையாது.

"எறும்புகூட நுழைய முடியாத மாதிரி எழுதியிருக்கேன்," என்று மனைவியிடம் சொன்னார்.

அவர் மனைவி தையல்காரி. கூடத்து ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். சுற்றிலும் பள்ளிக்கூடச் சீருடைகளின் குவியல். காலை ஏழு மணிக்கு மிதிக்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சத்தம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பல்லால் நூலை அறுத்துக்கொண்டே, "எறும்பு எதுக்குங்க உள்ள வரணும்?" என்று கேட்டாள்.

விதிகளை எழுதியவர் வீட்டிலேயே ஆய்வைத் தொடங்குவதுதான் மரியாதை என்று தலைவர் சொல்லிவிட்டார். முத்திரை சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. "நம்ம வீட்டுக்குக் குறைஞ்சது தொண்ணூறு வரும்," என்றார்.

"எந்த வீட்டுக்கு? இந்த வீட்டுக்கா?" என்றாள் மனைவி.

தலைவர் ஒரு வல்லுநரையும் கூட்டிக்கொண்டு வந்தார். உட்புற அழகியல் வல்லுநர். தலைவரின் அண்ணன் மருமகள் என்பதும் ஒரு கூடுதல் தகுதி. வந்தவர் வாசற்படியிலேயே நின்று, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் அகல விரித்தார். அப்படியே நின்றார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று.

"மயக்கம் வருதோ என்னமோ, தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று மனைவி காதோரமாகக் கேட்டாள்.

"சும்மா இரும்மா. உணர்றாங்க," என்றார் இவர்.

வல்லுநர் கண்ணைத் திறந்தார். குரலே வெண்ணெயில் தோய்த்தது போல இருந்தது. "உங்க சோபா ஜன்னலோட பேசல," என்றார்.

"நாங்க தூங்கினப்புறம் பேசுமோ என்னமோ," என்றாள் மனைவி.

"இந்த அறைக்கு ஒரு கதை இல்லம்மா. நான் உள்ள வர்றேன், எனக்கு ஒரு கதை கிடைக்கணும்."

"நான் காலைல உக்கார்றேன், சாயங்காலம் எழுந்திருக்கறேன். நடுவுல நாலு சீருடை முடியுது. கதை அவ்வளவுதான்."

மொத்த மதிப்பெண் பதினைந்து. இதம் பதினொன்று, இசைவு நாலு, பயன் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்ததும் முத்திரை சார் பதறிப்போனார். "பயனுக்கு எப்படிங்க பூஜ்யம்? நாள் முழுக்க இங்க வேலை நடக்குது!"

தலைவர் பொறுமையாகப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "ஓய்வு, உரையாடல், சிந்தனை. தையல் எங்கே சார் இருக்கு? நீங்க எழுதினதுதானே. நாங்க ஒரு எழுத்துகூட மாத்தல."

மறுநாள் அறிவிப்புப் பலகையில், தொட்டி கசிவு பற்றிய மூன்று மாதத்துப் பழைய காகிதத்துக்கு மேலே, 'இதமற்ற வீடு' என்று அவர் வீட்டு எண் ஏறியது. பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் வந்து, "என்ன சார், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல?" என்று துக்கம் விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போனார்.

கோபித்துக்கொண்டு விலகியிருக்கலாம். மானஸ்தன் என்று பெயராவது மிஞ்சியிருக்கும். ஆனால் ஆயுள் முழுக்க அடுத்தவன் தராசில் குற்றம் கண்டவருக்குத் தன் தராசு தப்பு என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. முப்பது நாளுக்குள் இதமாகிக் காட்டுவது என்று முடிவு பண்ணினார்.

வல்லுநர் சுவருக்கு மூன்று நிறம் காட்டினார். ஒன்றின் பெயர் ஈர மணல். ஒன்று காய்ந்த வைக்கோல். இன்னொன்று ஆறின டீ.

"மூணும் ஒரே கலர்தானே?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, நல்லா பாரு. நடுவுல இருக்கறது கொஞ்சம் சிந்திக்கிற மாதிரி இருக்கு," என்றார் முத்திரை சார். சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. நோய் தொற்றிவிட்டது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

சுவர்கள் ஈர மணல் ஆயின. சோபாவின் மேல் பதினாலு திண்டு வந்து உட்கார்ந்தது. அவை உட்கார்ந்த பிறகு மனிதர்கள் உட்கார இடம் இல்லை. இரண்டு திண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நுனியில் ஒட்டிக்கொள்ளலாம். புத்தக அலமாரியில் அட்டைகள் பல நிறத்தில் இருப்பது கண்ணை உறுத்துகிறது என்று எல்லாப் புத்தகங்களையும் முதுகு உள்ளே, ஏடு வெளியே என்று திருப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அது வேறு புத்தகமாக இருந்தது. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையான இவர் நீலச் சட்டை போட்டிருந்தார். மணலோடு நீலம் சேராது. போட்டோவைக் கழற்றிவிட்டு, அந்தச் சட்டத்திலேயே ஒரு காய்ந்த சுள்ளியின் படத்தை மாட்டினார்கள்.

"இது யாரு?" என்று கேட்டாள் மனைவி.

"சுள்ளி," என்றார் இவர்.

"உங்க ஜாடை இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் மெஷினுக்குத் திரும்பினாள்.

அதுவரைக்கும் அவள் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. பல்பை மாற்றிய அன்றைக்குத்தான் வந்தது வினை. டியூப் லைட்டை எடுத்துவிட்டு மூலைக்கு மூலை மஞ்சள் பல்பு போட்டார்கள். ஜன்னலுக்குக் கனத்த மணல் நிறத் திரை. பகலிலேயே கூடம் அந்தி மாதிரி ஆயிற்று. மனைவி ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். முதல் தடவை தப்பியது. நாலாவது தடவையும் தப்பியது. எழுந்து நின்றாள்.

"இதம் எனக்குப் போதுங்க. வெளிச்சம்தான் வேணும். மாடி வீட்டு நர்ஸ் அவங்க கூடத்துல மெஷினைப் போட்டுக்கச் சொல்றாங்க. ஒரு கை பிடிங்க."

லிஃப்ட் வழக்கம்போல நடுவில் நின்றிருந்தது. மூன்றாம் மாடியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தனியாகக் குடியிருந்தாள். அவளும் இவரும் மெஷினை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படியேறினார்கள். பின்னால் மனைவி சீருடை மூட்டையோடு வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நிற்கும்போது, 'இசைவு முப்பது, பயன் முப்பது' என்று இவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மெஷின் போய்விட்டால் மதிப்பெண் ஏறும் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. இதைச் சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் அவர் சிரிப்பதில்லை.

மறு ஆய்வுக்கு முதல் நாள் வல்லுநர் வந்து பயிற்சி கொடுத்தார். "நாங்க வரும்போது நீங்க ரெண்டு பேரும் இயல்பா இருக்கணும். இயல்பு எப்படின்னு நான் சொல்லித் தரேன்."

மனைவி இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு லேசாகத் தலை சாய்க்க வேண்டும். இவர் ஜன்னல் திரையைப் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டும். பல் தெரியக் கூடாது. பல் தெரிந்தால் அது மகிழ்ச்சியாகிவிடும், இதம் ஆகாது.

"காபி குடிக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"வேண்டாம்மா. குடிச்சா கோப்பை முகத்தை மறைக்கும்."

மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. தலைவர் உள்ளே நுழைந்த சமயத்தில் பெயின்ட் வாசனைக்கு இவர் தும்மிவிட்டார், அதற்கு இரண்டு போயிற்று. தலைவர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதினஞ்சுல இருந்து தொண்ணூத்தெட்டு! இந்த வீட்டை மாதிரி இல்லமா அறிவிக்கறேன். பத்து மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் எல்லாரும் வந்து பார்க்கட்டும். நீங்க வீட்டுல எதையும் தொடாதீங்க. வீடு வீடாவே இருக்கட்டும்."

மறுநாளிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். திண்டுகளை எண்ணினார்கள், சுள்ளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மனைவி ஏழு மணிக்கே மாடிக்குப் போய்விடுவாள், சாயங்காலம்தான் இறங்குவாள். இவர் சமையலறை மூலையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொள்வார். ஒரு நாள் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த பெண்மணி ஒருத்தி சமையலறையை எட்டிப் பார்த்தாள். கையில் தட்டோடு இவர் நிற்கிறார்.

"ரொம்ப அழகா இருக்குங்க. இங்க யாராவது குடியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

முத்திரை சார் கொஞ்சம் யோசித்தார். "இல்லைங்க," என்றார்.

அவள் போன பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் மனைவியிடம், "நீ கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டா என்ன?" என்று கேட்டார். அவள் திண்டுகளைப் பார்த்தாள். "எங்கங்க உக்கார?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூட இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரமே சங்கம் அவரைத் தலைமை ஆய்வாளர் ஆக்கியது. நெஞ்சில் குத்திக்கொள்ள அட்டை ஒன்று கொடுத்தார்கள். முதலில் ஆய்வு செய்ய வேண்டிய வீடு எது என்று பட்டியலைப் பார்த்தார். மூன்றாம் மாடி, நர்ஸ் வீடு.

ஃபைலோடு படியேறிப் போகும்போதே உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒரு சிரிப்பு அவர் மனைவியுடையது. அதைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அவரால் கணக்குச் சொல்ல முடியவில்லை. கதவைத் தட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"வாங்க சார், ஆய்வா?" என்றாள் மனைவி.

முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் அவரைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் மூன்று நாற்காலி, மூன்றும் மூன்று தினுசு. ஒன்றின் முதுகில் நர்ஸின் ஈரச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் நூல் துணுக்கு. டியூப் லைட் பளீரென்று எரிந்தது. ஜன்னலோரம் மெஷின். இவர் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார். வீட்டினுள் நுழைபவர் உணரும் இதம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நர்ஸ் ஏதோ சொன்னாள், மனைவி 'ம்' கொட்டினாள்.

கண் விழித்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கழுத்துக்குப் பின்னால் யாரோ ஒரு சீருடையை மடித்து வைத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடி கழற்றப்பட்டு ஜன்னல் விளிம்பில் இருந்தது. கட்டத்தில் பேனா இழுத்த ஒரு கோடு மட்டும் கிடந்தது.

"முடிஞ்சுதா சார் ஆய்வு? எங்க வீடு பாஸா?" என்று கேட்டாள் நர்ஸ்.

முத்திரை சார் விதிகளைப் புரட்டினார். தன் விதிப்படி இந்த வீட்டுக்கு மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது. அப்படிப் போட்டால் நாளைக்குப் பலகையில் எண் ஏறும், ஈர மணல் வரும், மஞ்சள் பல்பு வரும். பிறகு இவர் மனைவி மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்த மாடிக்குப் போவாள்? மனசார நூறு போட்டாலோ, நாளைக்கு இதுவும் மாதிரி இல்லம். பத்திலிருந்து ஐந்து வரை ஜனங்கள் வருவார்கள், நர்ஸ் சமையலறையில் நின்று சாப்பிடுவாள். ஏதாவது ஒரு சந்து கிடைக்குமா என்று முதல் விதியிலிருந்து கடைசி விதி வரைக்கும் தேடினார். இல்லை. படுபாவி, எவ்வளவு கச்சிதமாக எழுதித் தொலைத்திருக்கிறான்! தன் எழுத்தை அவர் வாய்விட்டுத் திட்டியது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் பழைய உத்தியோகம் கைகொடுத்தது. சர்வீஸில் இருந்த காலத்தில், சோதிக்கப் போய் மனசு வராமல் திரும்பிய கடைகள் நாலைந்து உண்டு. அவற்றுக்கு எதிரே அவர் எழுதி வைத்த வாசகம் ஒன்றும் உண்டு. அதையே, கடை என்ற இடத்தில் வீடு என்று மாற்றி, இப்போதும் எழுதினார்: 'வீடு பூட்டியிருந்தது.'

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "என்ன சார் இது? நான் கல்லு மாதிரி இங்கதானே நிக்கறேன்?"

"பூட்டியிருக்கும்மா," என்றார் முத்திரை சார். "நான் வந்தேன், தட்டினேன், பூட்டியிருந்தது."

மெஷின் நின்றது. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இந்நேரத்துல டீ போடுவோம். உங்களுக்கும் சேர்த்துப் போடட்டுமாங்க?" என்றாள். அவர் ஃபைலை மூடினார். தலையை ஆட்டினார்.

அப்புறம் நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. ஒன்றரை மாதத்தில் அறுபத்து மூன்று வீடுகளையும் பார்த்து முடித்தார். அறுபத்து மூன்றும் பூட்டியிருந்தன. சிலவற்றில் பூட்டிய வீட்டுக்காரர்கள் இவருக்குக் காபி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் மதியச் சாப்பாடே போட்டார்கள். அறிக்கை தலைவரிடம் போயிற்று. தலைவர் அதைப் பொதுக்கூட்டத்தில் படித்தார்.

"நண்பர்களே, பெருமையோட சொல்றேன். ஆய்வு நடந்த காலத்துல ஒரு வீட்டுலகூட இதக் குறைவு கண்டுபிடிக்கப்படல. வீடுகள் எல்லாம் ஒழுங்கா பூட்டியிருந்திருக்கு. இதுல ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, நம்மகிட்ட பாதுகாப்பு உணர்வு இருக்கு. ரெண்டாவது, அறுபத்து மூணு வீடும் ஒரே மாதிரி பூட்டியிருந்திருக்குன்னா, இதைவிட இசைவு வேற என்ன வேணும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். முத்திரை சாரும் தட்டினார்.

இனி மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. அந்தக் கூட்டம் நடந்த மறுநாள் காலையில் நர்ஸும் இவருமாக மெஷினைக் கீழே இறக்கினார்கள். ஏற்றும்போது எண்ணிய மதிப்பெண்கள் ஒன்றும் இறக்கும்போது ஞாபகம் வரவில்லை. திரையை அவிழ்த்தார்கள். நர்ஸ் திண்டுகளை வார்டில் முதுகுவலிக்காரர்களுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டாள். மனைவி ஸ்டூல் மேல் ஏறி டியூப் லைட்டை மாட்டினாள். சுவர் மட்டும் ஈர மணலாகவே இருந்தது. அதைப் பார்த்து, "அழுக்கு தெரியாது, இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் பதிவேட்டோடு தலைவர் நின்றார். மாதிரி இல்லத்தைப் பார்க்கப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு குழு வருவதாகவும், அதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சோபா நிறையச் சீருடைகள், தரை நிறைய நூல். வாசலை அடைத்துக்கொண்டு முத்திரை சார், தோளில் அளவு நாடா தொங்க நின்றார்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸ் சும்மா போகுமா?

"வீடு பூட்டியிருக்குங்க," என்றார்.

தலைவர் அவரைப் பார்த்தார். உள்ளே ஓடும் மெஷினைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைச் சுவரில் சாய்த்து, 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

எழுதி முடித்தவர் போகவில்லை. பதிவேட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"எங்க வீட்டையும் ஆரம்பத்துலயே மாத்தியாச்சு, தெரியுமா சார் உங்களுக்கு?" என்றார். மைக் இல்லாத குரல் அது, இவர் இதுவரை கேட்டதில்லை. "மூணு மாசம் ஆச்சு. என் சம்சாரம் அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. நான் படிக்கட்டுலதான் உக்காந்து பேப்பர் படிக்கறேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "வாசல்லயே நிக்க வச்சுப் பேசறீங்களே. உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க."

அவள் எழுந்து, சோபாவிலிருந்த சீருடைகளை ஒரு கையால் ஒதுக்கி ஓர் ஆள் அளவுக்கு இடம் பண்ணினாள். தலைவர் உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஒரு நிமிஷம் பேசவில்லை. இரண்டு நிமிஷம் பேசவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று, இன்னும் பேசவில்லை.

சங்கத்தின் வரலாற்றில் அது ஒரு சாதனை. எந்தப் பதிவேட்டிலும் அதை ஏற்ற வழியில்லை, வீடுதான் பூட்டியிருந்ததே.